வெள்ளைக் காரின் நெற்றி

“ஐயோ...!”

அலறியது ஓர் ஆண்குரல். குடை பறந்து போய்ச் சாலையோரத் தண்ணீரில் மல்லாந்தது. குடைக்காரன் மட்டும் எப்படியோ விழாமல், கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றான்.

அவன் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், ஒரு வெள்ளைக் கார். உறுமல் இல்லை, புகை இல்லை... மழைக்குள்ளிருந்து மழையே உருவெடுத்து வந்து நின்றது போல ஒரு கார்.

சங்கரி கண்ணாடியை இறக்கினாள்.

“ஏங்க, ஹாரன்னு ஒண்ணு வச்சிருக்காவல்லா? அடிக்க மாட்டியளா?”

“ரெண்டு தரம் அடிச்சேன். நீங்கதான் போன்ல யாரையோ ஏசிக்கிட்டு நடுரோட்டுல போறிய!”

“ஏசல. வழி கேட்டேன்.”

“வழி கேக்கதுக்கா இம்புட்டுச் சத்தம்?”

“மழை பெய்யுதுல்லா...!”

சொல்லிவிட்டு நிமிர்ந்தான். இமை முடியிலெல்லாம் மழைத்துளி. அத்தனை கோபத்திலும் அந்தக் கண்கள் சிரிக்கப் பார்த்தன... சங்கரி சட்டென்று ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டாள். ‘என்னட்டி உனக்கு? ஒரு ஆளு நனைஞ்சு நிக்கான், கண்ணைப் பாக்கியாக்கும்?’

அப்போது அவளுடைய போன் அடித்தது. புது நம்பர். எடுத்தாள்.

“வணக்கம் மேடம். மகேஸ்வரன் பேசுதேன், திருநெல்வேலில இருந்து. உங்க லீஸ் காரைத் திரும்ப எடுக்க வந்திருக்கேன். விக்கிரமசிங்கபுரத்துல இறங்கிட்டேன். வீடு எங்கன...?”

போனில் கேட்ட அதே குரல் ஜன்னலுக்கு வெளியேயும் கேட்டது. அவன் காதில் போனோடு அவளைப் பார்த்தான். அவள் காதில் போனோடு அவனைப் பார்த்தாள்.

“வீடு பக்கத்துலதான். கார்தான் உங்களத் தேடி வந்துட்டே... ஏறுங்க,” என்றாள் போனிலேயே.

அவன் சிரித்துவிட்டான். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காரை எடுத்துக்கொண்டு போக வந்தவன் அல்லவா அவன்!

சங்கரி பிசியோதெரபிஸ்ட். ஆழ்வார்குறிச்சியில் ஒரு டீச்சரம்மாவின் முழங்கால், அம்பாசமுத்திரத்தில் ஓர் அண்ணாச்சியின் தோள்பட்டை என்று வீடுவீடாகப் போய் வைத்தியம் பார்ப்பவள். அதற்காகத்தான் மூன்று வருஷத்துக்கு லீஸில் எடுத்தாள் இந்த மின்சாரக் காரை. இன்று சாயங்காலத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டித்துத் தரக் கேட்டுப் பார்த்தாள். ‘அந்த மாடல் வண்டிகளையெல்லாம் வடக்கே அனுப்பப் போறோம்’ என்று கம்பெனி கையை விரித்துவிட்டது.

வீட்டு வாசலில் மழை கொஞ்சம் அடங்கியது. மகேஸ்வரன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். டயரைத் தட்டினான், கதவுகளைத் திறந்து மூடினான், போனில் படம் எடுத்தான்.

“ரொம்ப நல்லா வச்சிருக்கிய மேடம். இது ஒண்ணுதான்...”

பானெட்டின் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு தடம். மஞ்சளும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் ஒரு நிறம். சந்தனமும் குங்குமமும் வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, பெயிண்டுக்குள்ளேயே இறங்கியிருந்தது.

‘பாவம், நல்ல மனுஷியா தெரியுதாவ. இதுக்காக அவியளக் குத்தம் சொல்லணுமா...’ என்று நினைத்தான் அவன். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான், துணியில் கிரீமைத் தொட்டான், அந்தத் தடத்தின் மேல் வைத்து அழுத்தி ஒரு தேய்...

“கையை எடுங்க!”

தெருவே திரும்பிப் பார்த்தது.

“இல்ல மேடம், அழிச்சிட்டா உங்களுக்குத்தான் நல்ல...”

“உங்க நல்லது எனக்கு வேண்டாம். கையை எடுங்க சார்!”

அவள் அவனுக்கும் பானெட்டுக்கும் நடுவில் வந்து நின்றாள். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை. உள்ளேயிருந்து அவளுடைய அப்பா ஐயம்பெருமாள் எட்டிப் பார்த்தார். பானெட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

“சாயங்காலம் வரைக்கும் வண்டி என்னுதுதான?” என்றாள் சங்கரி.

“ஆமா...”

“அப்ப நான் மேல ஐயனார் கோயிலுக்குப் போயிட்டு வந்துருதேன். நீங்க அப்பாகூடக் காப்பி குடிச்சுக்கிட்டு இருங்க.”

“மலைக்கா? மழையிலயா? சார்ஜ் பாதிகூட இல்லியே! வழியில நின்னு போச்சுன்னா நாந்தான் பதில் சொல்லணும். நானும் வாரேன்.”

“பயந்தா வாங்க.”

“பயந்துதான் வாரேன்!”

பாபநாசம் தாண்டி, செக்போஸ்ட் தாண்டி, கார் மலையேறியது. ஒவ்வொரு வளைவிலும் சார்ஜ் குறையக் குறைய அவன் முகமும் குறைந்தது. கீழே, மூங்கிலுக்கு ஊடே, தாமிரபரணி வெள்ளைவெளேரென்று பொங்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆற்றின் சத்தம் காருக்குள்ளேயே கேட்டது. இலையிலிருந்து இலைக்குத் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. பெயர் தெரியாத ஒரு பறவை... அதன் சிறகடிப்புகூடக் கேட்டது.

மகேஸ்வரன் இவ்வளவு காலமும் எத்தனையோ கார்களில் மலையேறியிருக்கிறான். காட்டின் குரலை இன்றைக்குத்தான் கேட்கிறான். அவன் கண்கள் விரிந்தன. ஓரக்கண்ணால் அதைப் பார்த்த சங்கரிக்கு, கோபம் கொஞ்சம் நழுவியது...

சட்டென்று பிரேக் போட்டாள்.

“என்ன மேடம்? சார்ஜ் போ...”

“பேசாதிய!” என்றாள், மூச்சுக்குள்.

சாலையில், பத்தடி முன்னால், மலையே எழுந்து நின்றது.

யானை. மழையில் நனைந்து கன்னங்கரேலென்று... அதன் கால்களுக்கு நடுவில், ஈரத் தும்பிக்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு குட்டி. கார் வந்ததே அவற்றுக்குத் தெரியவில்லை. சத்தம் இருந்தால்தானே தெரியும்?

தாய் திரும்பியது. காரைப் பார்த்தது. ஓர் அடி... இன்னோர் அடி... காதை அசைக்காமல், அவசரப்படாமல். தும்பிக்கை நீண்டு வந்து, பானெட்டின் மேல் காற்றில் நின்றது. முகர்ந்தது. அந்தப் பொட்டுத் தடத்துக்கு நேர் மேலே... கிரீம் வாசனையோ, சந்தன வாசனையோ, யாருக்குத் தெரியும்? கண்ணாடி முழுக்க அதன் மூச்சு பனியாய்ப் படர்ந்தது.

சங்கரியின் விரல்கள் எதையோ இறுகப் பற்றின. அது கியரில்லை என்று அவளுக்கு அப்போது தெரியாது.

யானைக்கு என்ன தோன்றிற்றோ! தும்பிக்கையை இழுத்துக்கொண்டது. குட்டியைப் பைய முட்டித் தள்ளியது. மூங்கில் விலகியது... மூடியது. அவ்வளவுதான். சாலையில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

மகேஸ்வரன் மூங்கில் மூடிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேடம்...”

“ம்.”

“என் கை...”

பார்த்தாள். வெடுக்கென்று விட்டாள். கன்னம் சிவந்து போயிற்று.

“வலிக்கலங்க. சும்மா சொன்னேன்,” என்றான் அவன். குரலில் குறும்பு இருந்தது. ஆனால் கண்ணில் இன்னும் அந்த வியப்பு ஈரமாகவே இருந்தது. “நான் சாமி கும்பிடுதது கம்மிங்க. இப்ப எனக்குக் கும்பிடணும் போல இருக்கு... யாரைன்னுதான் தெரியல.”

அந்த ஒரு சொல்லில் சங்கரியின் உள்ளே ஏதோ மடை திறந்துவிட்டது.

“அந்தப் பொட்டு... எங்க அம்மா வச்சது,” என்றாள். “கோமதின்னு பேரு. எல்லாரும் கோமுன்னு கூப்பிடுவாவ. கார் வந்த அன்னைக்கு நேரா இந்தக் கோயிலுக்குத்தான் வந்தோம். அன்னைக்கு வச்சா... பெறவு வெள்ளிக்கிழமை தவறாம அதே இடத்துல, அதே விரலால. ‘பொட்டு வச்ச வண்டி எங்க போனாலும் வீடு வந்து சேந்துரும்டி’ம்பா. நான் ராத்திரி லேட்டா வந்தாலும் பயப்படவே மாட்டா...”

“இப்ப அம்மா...?”

“போன வருஷம் ஆடியில போயிட்டா.” அவள் வெளியே பார்த்தாள். “சேலையில இருந்த வாசனைகூடப் போயிட்டு சார். இந்த ஒரு விரல்தான் மிச்சம். அதையும் நீங்க துணியால...”

மகேஸ்வரன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். அது யாருடைய கையோ மாதிரி.

“தெரியாமப் பண்ணிட்டேன்,” என்றான் மெதுவாக. “என் வேலையே அதாங்க. திரும்பி வார வண்டில எல்லாத்தையும் துடைச்சு எடுக்கணும். பிள்ளைய ஒட்டின ஸ்டிக்கர், சீட்டுக்கு அடியில காஞ்ச பூவு, கண்ணாடில யாரோ எழுதின பேரு... அடுத்து வாங்குதவன் புதுசுன்னு நம்பணுமே. அழிக்காதியன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்கதான்...”

கோயிலில் பூசாரி தேங்காயைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார். “புது வண்டியாம்மா?”

“இல்ல சாமி. திருப்பிக் கொடுக்குத வண்டி.”

பூசாரி தேங்காயும் கையுமாக நின்றுவிட்டார். “வாங்கும்போது எல்லாரும் வாராவ... கொடுக்கும்போது யாரும் வந்து நான் பாத்ததில்லையே!” பிறகு காரை ஒரு தரம் சுற்றி வந்து, ஊருக்குப் போகும் பெண்ணுக்குச் சொல்வது மாதிரி, “நல்லபடியா போயிட்டு வா தாயி,” என்றார் அதனிடம்.

இறங்கும்போதுதான் அடுத்த அதிசயம். சங்கரி பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். கார் தானாக இறங்கியது. ஏறும்போது இறங்கிய சார்ஜ், வளைவுக்கு வளைவு ஏறத் தொடங்கியது. மின்சாரக் கார் இறக்கத்தில் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுமென்று படித்தவன்தான் மகேஸ்வரன். ஆனாலும் சின்னப் பிள்ளை மாதிரி, திரையில் ஏறுகிற சார்ஜையே பார்த்துக்கொண்டு வந்தான்.

“மலை வாங்கினதைத் திருப்பித் தருது, பாத்தியளா?” என்றாள் சங்கரி. “நீங்கதான் வாங்கிட்டுப் போனா தர மாட்டிய.”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்தான். அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் என்னவோ ஒரு தீர்மானம் இருந்தது.

சாயங்காலம், வாசலில் வைத்து அவன் போனில் விவரம் பதிந்துகொண்டிருந்தபோது, சங்கரியின் கண் அதில் பட்டது. பானெட் என்று போட்டு, அதற்கு எதிரே அவன் தட்டிய ஒரு சொல்.

சேதம்.

“எங்க அம்மா விரலு... சேதமா சார்?”

“மேடம், ஒரு நிமிஷம் கேளுங்க. நான் என்ன நினைச்சேன்னா...”

“யானைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலியே!” சாவியை அவன் கையில் படாமல் பானெட்டின் மேல் வைத்தாள். “போங்க. இனிமே எனக்கு போன் பண்ணாதிய.”

அவன் சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினான். கார் கிளம்பியது. சத்தமே இல்லாமல். ‘உறுமிக்கிட்டாவது போயிருக்கலாம்... போயிட்டுதுன்னு தெரிஞ்சிருக்கும்,’ என்று தோன்றியது சங்கரிக்கு. திரும்பிப் பார்க்கும்போது தெரு காலியாக இருந்தது.

அப்புறம் என்ன? பஸ்தான். நின்றுகொண்டே போனாள், நனைந்துகொண்டே வந்தாள். அவனிடமிருந்து இரண்டு மூன்று தடவை போன் வந்தது. எடுக்கவில்லை. வருவது நின்ற பிறகு, போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். மனசு ஒரு பைத்தியம்... மழை பெய்தால் போதும், கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் ஓர் ஆள் வந்து நின்றுவிடுகிறான் அதில்.

கார்த்திகை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை. அடுப்படியில் இருந்தாள். வாசலில் ஏதோ வண்டிச் சத்தம். அப்பா கூப்பிட்டார்.

“ஏட்டி சங்கரி! இங்கன வா! யாரோ காரைக் கால்வாசி மட்டும் கொண்டாந்திருக்காவ!”

ஓடி வந்தாள்.

வாசலில் ஒரு லோடு ஆட்டோ. அதிலிருந்து சாக்கில் பொதிந்த பெரிய தகடு ஒன்றை, தலையால் தாங்கிப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தான் மகேஸ்வரன். தூறலில் நனைந்து, சேறு அப்பி... ஆனால் அந்தக் கண்கள் மட்டும் அப்படியே.

சாக்கை விலக்கினான். வெள்ளை பானெட். நடுவில், விரல் அகலத்துக்கு, அதே தடம்.

அப்பா பானெட்டைச் சுற்றி வந்தார். “மிச்சக் காரு எங்கவே?”

“அது வடக்க போயிட்டு அண்ணாச்சி. புது பானெட் போட்டுக்கிட்டு.” அவன் சங்கரியிடம் திரும்பினான். மூச்சு வாங்கியது. “கறைன்னு எழுதினா மிஷின் வச்சு அழிச்சிருவாவ. சேதம்னு எழுதினாத்தான் பானெட்டையே கழத்திட்டு வேற மாட்டுவாவ. பெயிண்டுக்குள்ள இறங்குனது உண்மைதான, பொய் எழுதல. பழச எடைக்குப் போடுவாவ... அதைக் கேட்டு வாங்கத்தான் இத்தனை நாளும் அலைஞ்சேன்.”

“அன்னைக்கே... சொல்லியிருக்கலாம்லா?” என்றாள் அவள்.

“எங்க பேச விட்டிய? பெறவு நானும் யோசிச்சேன். தாரேன்னு சொல்லிட்டுக் கிடைக்காமப் போனா, உங்களுக்கு ரெண்டாந்தரம் இழந்த மாதிரி ஆயிரும். கையில கிடைச்ச பெறவு வந்து நிப்போம்னு...”

சங்கரி மண்டியிட்டாள். அந்தத் தடத்தின் மேல் தன் விரலை வைத்தாள். சரியாகப் பொருந்தியது. அம்மாவின் விரல் இவ்வளவுதானா? தன் விரல் அளவுதானா...! தகடு மழையில் குளிர்ந்துதான் இருந்தது. அவளுக்கு அது சுட்டது.

அப்பா தொண்டையைக் கனைத்தார். “வெள்ளிக்கிழமைல்லா...” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் வாசற்படியில் வைத்துவிட்டு, காப்பி போடுகிற சாக்கில் மறுபடி உள்ளே போய்விட்டார்.

“இன்னொண்ணும் சொல்லணும்,” என்றான் மகேஸ்வரன். இப்போது அவன் குரலில் குறும்பு இல்லை. “வண்டில இருந்து ஆட்களைத் துடைச்சு எடுக்குததுதான் என் வேலைன்னு சொன்னேம்லா... எல்லாரையும் துடைச்சிருக்கேன். உங்கள மட்டும் முடியல. அந்த மலைரோட்டுலயே நிக்கேன் சங்கரி இன்னும்... நீங்க கையைப் பிடிச்ச இடத்துலயே.”

அந்த ‘மேடம்’ என்ற சொல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவளும் தேடவில்லை.

சந்தனத்தைக் குழைத்தாள். அம்மா வைத்த தடத்தின் மேலேயே, அது மறையாதபடி பைய ஒரு பொட்டு. அதன் மேல் குங்குமம். விரலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது...

“குனிங்க.”

“எதுக்கு?”

“குனிங்கன்னா குனிய வேண்டியதான?”

குனிந்தான். மழை ஈரம் மினுங்குகிற அந்த நெற்றியில், புருவத்துக்கு நடுவில், விரலை வைத்தாள்.

“திருநெல்வேலி வரைக்கும் போகணும்லா?” என்றாள், அவன் கண்ணைப் பார்க்காமல். “பொட்டு வச்சு அனுப்பினா... எங்க போனாலும் வீடு வந்து சேந்துரும். எங்க அம்மா சொல்லுவா.”

“எந்த வீட்டுக்கு?”

சங்கரி நிமிர்ந்தாள். இமை முடியிலெல்லாம் துளி. மழைதான் என்று சொல்ல முடியாது.

“இந்த வீட்டுக்குத்தான்.”