மூச்சு பட்ட செம்மண்

மூத்தவளும் அவள் கொழுந்தனின் மனைவியும் குடையை மடக்கிக்கொண்டு பழைய கட்டடத்தின் மாடிக்கு ஏறினார்கள். கூடத்தில் ஈர மரமும் பசையும் கலந்த வாடை. புனித உருவங்களுக்குப் பொன் ஒட்டக் கற்றுத்தரும் பயிற்சி அங்கேதான் நடந்தது.

மரப்பலகையில் செம்மண் பூசிக் காயவிட வேண்டும். பிறகு குனிந்து, வாயைத் திறந்து, வெதுவெதுப்பாக மூச்சு விட வேண்டும். அந்த ஈரத்தில் மண் கறுக்கும். கறுப்பு மறையுமுன் தங்கத் தாளை வைத்தால் பிடித்துக்கொள்ளும். நன்றாக வரும் ஒரே ஒரு பலகை பிரார்த்தனைக் கூடத்தில் ஏறும்.

மூத்தவள் வந்ததே அதற்காகத்தான். இளையவள் சும்மா துணைக்கு வந்தவள். ஆனால் மூத்தவள் வைத்த தாள் சுருண்டு கிழிந்தது. இளையவள் வைத்தது தோல்போலப் படிந்தது.

"கைராசிம்மா உனக்கு" என்றார் டீச்சர், இளையவளிடம்.

"முட்டையை உடையாம அவிக்கத் தெரியாது டீச்சர் இவளுக்கு" என்று மூத்தவள் சிரித்தாள். சிரிப்பு பல்லோடு நின்றது.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே அக்கா." இளையவளுக்கு மூச்சு வாங்கியது. இங்கே வரத் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். எல்லாம் செல்லம் என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடக் கீழே போனார்கள். மூத்தவள் மட்டும் பின்தங்கினாள். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் பொன் ஒட்டாது. முகம் வரவேண்டிய இடத்தில் லேசாக ஒரு தடவு. போதும்.

இளையவளின் பலகைமேல் குனிந்து கட்டைவிரலை நீட்டினாள்.

செம்மண் கறுத்தது.

உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, மெல்ல வெளுத்து, மறுபடி கறுத்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

எதிரே ஆள் இல்லை. ஆனால் யாரோ அந்தப் பக்கமிருந்து குனிந்ததுபோல, அவள் நெற்றிமயிர் விட்டு விட்டு அசைந்தது. நெடுநாள் திறக்காத பெட்டியின் நெடி முகத்தில் அடித்தது.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் வயிறு எரிந்தது.

இதுவும் அவளுக்குத்தானா?

"அவகிட்ட அப்படி என்ன இருக்கு?" என்று கிசுகிசுத்தாள். "என்கிட்ட வா."

கறுப்பு நின்றது.

இரண்டு மேசை தள்ளியிருந்த அவளுடைய பலகை கறுக்கத் தொடங்கியது.

சாயங்காலம் டீச்சர் மூத்தவளின் பலகையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இதுதான் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போகுது." இளையவள் மதியத்துக்குமேல் வைத்த தாளெல்லாம் சருகாகச் சுருண்டு கிடந்தது. மூத்தவள் அதை ஆசைதீரப் பார்த்தாள்.

இளையவளோ படியில் துள்ளி இறங்கினாள். "என்னமோ தெரியலக்கா, நெஞ்சு லேசாயிடுச்சு. மேல உக்காந்திருந்த யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி."

பதில் சொல்ல மூத்தவளுக்கு மூச்சு எட்டவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோர இடம். மழைக்காகச் சாத்தியிருந்த கண்ணாடியில், அவள் கன்னத்தருகே வெள்ளையாக ஈரம் படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது.

அவள் வாயையும் மூக்கையும் முந்தானையால் இறுக்கிப் பொத்தினாள்.

ஈரம் படர்ந்துகொண்டேயிருந்தது.

முந்தானையை உதறிவிட்டு மூச்சை இழுக்கப் பார்த்தாள். காற்று உள்ளே வரவில்லை.

அவள் முறை இன்னும் வரவில்லை.