கதவைத் தொடாதவன்

"நாப்பது ஆடு, சார்ஜண்ட். நாப்பதும் செத்துக் கிடக்கு," என்றார் பண்ணைக்காரர் ஹியூ கார்மடி, தொப்பியைக்கூடக் கழற்றாமல்.

மேய்ச்சல் நிலத்தின் கதவு இரவெல்லாம் திறந்து கிடந்திருக்கிறது. ஆடுகள் மழையில் நனைந்த குதிரைமசால் தீவனப் பயிரில் புகுந்து மேய்ந்து, வயிறு உப்பிச் செத்துவிட்டன. திறந்தது யார் என்பதில் கார்மடிக்குச் சந்தேகமே இல்லை. முந்தின மாலை அவருடைய சமையல்காரனிடம் மாவு வாங்கிப்போன மூட்டைக்காரன் நெட் குயில்டிதான். கம்பளியைச் சுருட்டித் தோளில் போட்டு, பண்ணை பண்ணையாக நடக்கிற கிழவன். ஆற்றங்கரையில் தகர டப்பாவில் தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்தவனைக் குதிரைக்கு முன்னால் நடத்தியே காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்திருந்தார் கார்மடி.

"இவன உள்ள தள்ளுங்க. இனி எந்த மூட்டைக்காரனுக்கும் என் பண்ணையில ஒரு பிடி மாவு கிடையாது."

நிலையத்தில் தபால் பையை இறக்கிக்கொண்டிருந்த லாரிக்காரன் வில்ஃப் அப்படியே நின்றுவிட்டான். அந்தப் பஞ்ச வருடத்தில் கார்மடியின் மாவை நம்பி, வேலை தேடி நடந்தவர்கள் எத்தனை பேர்!

சார்ஜண்ட் மல்காஹி ஒன்றே ஒன்று கேட்டார்: கிழவனுக்குப் பிறகு அந்த வழியே போனது யார்? மழை விட்ட பிறகு ஊரிலிருந்து காரில் திரும்பியதாகவும், வழக்கம்போல் இறங்கித் திறந்து, சாத்திவிட்டுத்தான் வந்ததாகவும் கார்மடி சொன்னார்.

சார்ஜண்டும் வில்ஃபும் லாரியில் போய்ப் பார்த்தார்கள். ஆட்டுக் குளம்புகள் சேற்றை உழுதிருந்தும் கார்த்தடம் ஆழமாகத் தெரிந்தது. கதவுக்கு வெளியே, கார் நின்ற இடத்தில் நான்கு பள்ளம். உள்ளே தடம் எங்கும் நிற்காமல் வீட்டைப் பார்த்துப் போயிருந்தது. கதவிலிருந்து பத்தடி தள்ளி, வேலிக்கு வெளியே ஈரமண்ணில் நீளமாக ஒரு பதிவு. பக்கத்தில் தகர டப்பாவின் வட்டம்.

"கிழவன் இங்க வழுக்கி விழுந்திருக்கான் சார், பாவம்," என்றான் வில்ஃப், பெரிதாகக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில். மல்காஹி சிரித்துக்கொண்டார்.

நிலையத்துக்குத் திரும்பியதும், "நீங்க போகலாம் பெரியவரே," என்றார். கார்மடி துள்ளிக் குதித்தார். மல்காஹி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, பேசாமல் பார்க்கச் சொன்னார்.

நிலைய முற்றத்துக் கதவு பூட்டாமல் வெறுமனே சாத்தியிருந்தது. குயில்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூட்டையையும் டப்பாவையும் வேலிக்கு மேலே வீசினான். பிறகு கம்பிகளுக்கு நடுவே குனிந்து, முனகிக்கொண்டே நுழைந்தான்.

"கதவு இருக்கே பெரியவரே?"

"திறந்தா சாத்தணுமே சார். அந்தப் பொறுப்பே வேண்டாம்னுதான் நாப்பது வருஷமா நடந்துக்கிட்டிருக்கேன்."

மல்காஹி கார்மடி பக்கம் திரும்பினார். "உங்க வேலியிலயும் இப்படித்தான் மூட்டைய வீசியிருக்கார். வெளியே உங்க கார் நின்னிருக்கு, திறக்க இறங்கியிருக்கீங்க. அப்ப கதவு சாத்தித்தான் இருந்திருக்கு. உள்ள போனதும் சாத்த ஒரு தடவ நிக்கணுமில்லையா? கார் நிக்கவே இல்லையே."

கார்மடி, "தூக்கக் கலக்கம்," என்று முணுமுணுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வெளியே மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்த கிழவனிடம் தானே நடந்து போனார்.

மூட்டைக்காரர்களுக்கு மாவு கொடுப்பது நிற்கவில்லை. அடுத்த மாதமே அந்தக் கதவருகே, வேலியை ஏறிக் கடக்க மரப்படி ஒன்றும் கட்டிவிட்டார். இத்தனை வருடம் கழித்து, அதில் ஏறி இறங்கியவர்களில் ஒருவர்கூட இன்று சாலையில் இல்லை. வில்ஃபுக்கு மட்டும் அந்த இடம் வந்தால் லாரியின் வேகத்தைக் குறைக்காமல் இருக்க முடியாது. படியின் மேல்பலகை நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருப்பது சாலையிலிருந்தே தெரியும்.