வைத்த கல்லை எடுப்பது யார்?

முன் டயர் வெடித்ததும் அப்பா லாரியை ஓரம் கட்டினார். ஆனால் அந்த இடத்தில் ஓரமே குறுகல். லாரியின் அகலத்தில் பாதி, வண்டிகள் போகிற பாதையிலேயே நின்றது.

"இறங்கு. அந்தத் தகரத் தடுப்புக்கு வெளியே போயிடு. உள்ளே கால் வைக்கக் கூடாது. அங்கேயே நின்னு கல்லு பொறுக்கிக் கொடு," என்றார் அப்பா.

"எவ்ளோ பெருசு?"

"உன் தலை அளவு."

"உன் தலை அளவு வேணாமா?"

"என் தலை கனம் ஜாஸ்தி. உங்கம்மாவைக் கேளு, சொல்லுவா."

அவளுக்கு வீட்டில் ஹாரன் என்று பெயர். பிறந்த அன்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் குழந்தையும் முழித்துக்கொண்டு அழுததாம். அன்றைக்கு அப்பா வைத்த பெயர் அது. இப்போது பத்து வயதாகிவிட்டது, சத்தம் மட்டும் குறையவில்லை. பள்ளிக்கு விடுமுறை. அம்மாவுக்குத் துணி ஆலையில் வேலை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அப்பா அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

ஹாரன் தடுப்புக்கு வெளியே நின்று கற்களைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் அப்பா அவற்றைச் சாய்வாக வரிசை வைத்தார். ஓரத்தில் தொடங்கி, லாரி நீட்டிக்கொண்டிருந்த பாதை வரைக்கும் வரிசை போனது.

"இதைப் பாத்தா பின்னாடி வர்றவன் விலகிப் போவான். எவனாவது நேரா வந்தா நீ கத்து. அதுக்குத்தான் உனக்கு அந்தப் பேரே."

லாரியை ஜாக்கியில் தூக்கும் முன் அப்பா சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தப் பார்த்தார். அவை துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் ஏறி நின்று மிதித்தால்தான் ஒவ்வொன்றும் அசைந்தது.

ஹாரன் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே போகிற பெரிய சாலை அது. வேலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் அதில்தான் போயாக வேண்டும். ஒருவன் ஹெல்மெட்டுக்குள் போனைச் சொருகிப் பேசிக்கொண்டே போனான். இன்னொருவன் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியிருந்தான். விழுந்தால் முழங்கைதான் முதலில் உடையும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. ஒரு கார், முன்னால் போன காரின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு விளக்கை விட்டு விட்டு அடித்தது.

சிலருக்குச் சாலையே போதவில்லை. ஓரத்தில் இறங்கி எல்லோரையும் முந்திவிட்டு, மறுபடி சாலையில் ஏறினார்கள்.

அப்படி ஒருவர் ஓரத்தில் வேகமாக வந்தார். ஹாரன் கத்தினாள். அவர் கற்களைக் கடைசி நொடியில் பார்த்து, பைக்கை வெட்டித் திருப்பினார்.

"ரோடு என்ன உங்க தாத்தா சொத்தா?" என்று போகிற போக்கில் திட்டினார்.

"தாத்தா சொத்து வெச்சிருந்தா நான் ஏன் லாரி ஓட்டுறேன்?" என்றார் அப்பா, ஸ்பேனர் மேல் நின்றபடியே. கேட்க ஆள் இல்லை. பைக் போய்விட்டது.

புது டயரை மாட்டி முடித்தபோது வெயில் போய்விட்டது. அப்பா சாமான்களைப் பெட்டிக்குள் எறிந்தார்.

"ஏறு, ஏறு. ஆறு மணிக்கு கேட்டை மூடிடுவாங்க."

லாரி முழுக்கக் கதவுகளும் ஜன்னல் சட்டங்களும் இருந்தன. ஒரு புதுக் கட்டடத்தில் அவற்றை இறக்க வேண்டும். லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஹாரன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். சாலையும் கருப்பு, கற்களும் கருப்பு. கொஞ்ச நேரத்தில் கற்கள் தெரியவே இல்லை.

"அப்பா, கல்லு."

"என்ன கல்லு?"

"நாம வெச்சது. எடுக்கவே இல்லை."

"அதை யாரு எடுப்பா? எல்லாரும் விட்டுட்டுத்தான் போவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் எவனாவது வந்து தள்ளிப் போட்டுடுவான்."

"எவன்?"

அப்பா கியரை மாற்றினார். பல வருஷமாக லாரி ஓட்டுகிறார். அந்த 'எவனாவது' என்கிற ஆளை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஹாரன் குரலை உயர்த்தவில்லை. "லாரி நிக்குதுன்னு தெரியத்தான் கல்லு வெச்சோம். இப்ப லாரி இல்லை, கல்லு மட்டும்தான் இருக்கு. கல்லு இருக்குன்னு தெரிய யாரு கல்லு வைப்பாங்க?"

"கேட்டை மூடிட்டா ராத்திரி லாரியிலதான் படுக்கணும். உங்கம்மா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா."

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்தது நான்தானே? யாராவது விழுந்தா?"

அப்பா பெருமூச்சு விட்டார். "திரும்பி வரணும்னா அடுத்த பாலம் வரைக்கும் போகணும். அதுக்குள்ள இருட்டிடும். இரு, ஓரமாவே ரிவர்ஸ் எடுத்துப் போயிடலாம்."

"பின்னாடி வர்றவங்க மோதிடுவாங்கன்னுதானே கல்லே வெச்சோம்?"

அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். "அப்படியே உங்கம்மா," என்றார்.

முன்னால் பஸ் நிற்கிற இடம் ஒன்று அகலமாக இருந்தது. லாரியை அதற்குள் முழுசாக நிறுத்தினார். இரண்டு பேரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு, தடுப்புக்கு வெளியே புதர் ஓரமாகவே திரும்பி நடந்தார்கள். அப்பா வழியெல்லாம் முணுமுணுத்தார். ஹாரனின் செருப்பில் முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலைகளில் வேலை விட்டார்கள். சாலை முழுக்க விளக்குகள். கம்பெனி பஸ் ஒன்று ஊர்ந்து வந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு பைக் ஓரத்தில் இறங்கி, பஸ்ஸை முந்தியது. பைக்கின் முன்னால் ஒரு சின்னப் பையன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பைக் நேராகக் கற்களைப் பார்த்து வந்தது.

ஹாரன் டார்ச்சை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு கத்தினாள். "கல்லு. முன்னாடி கல்லு. நில்லுங்க."

பிரேக் கிறீச்சிட்டது. பைக் ஆடி, இழுத்துக்கொண்டு போய், முன்சக்கரம் ஒரு கல்லில் இடித்து நின்றது. ஓட்டியவர் இரண்டு காலையும் ஊன்றி எப்படியோ சமாளித்துவிட்டார். பையன் முழித்துக்கொண்டு, "வீடு வந்துடுச்சா?" என்று கேட்டான்.

 பைக்காரர் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார்.

"எந்த மடையன் ரோட்டுல கல்லை வெச்சிட்டுப் போனான்?" என்று கேட்டார்.

ஹாரன் அப்பாவைப் பார்த்தாள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. அப்புறம் தடுப்புக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு உள்ளே இறங்கினார்.

"நான்தாங்க," என்றார். "டயர் மாத்துறதுக்கு வெச்சேன். எடுக்காம போயிட்டேன். அதான் எடுக்க வந்தோம்."

பைக்காரர் இன்னும் நாலு வார்த்தை திட்ட வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்த பெண் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அவர் வெச்சாரு, சரி. நல்ல ரோடு இருக்கும்போது நீங்க ஏன் ஓரத்துல இறங்குனீங்க? பஸ்ஸுக்குப் பின்னாடி போனா குறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு அந்தப் பெண் பையனைத் தூக்கிக்கொண்டு ஹாரன் பக்கம் வந்து நின்றாள். அவள் கணவர் பைக்கைத் தடுப்பை ஒட்டி நிறுத்தி, பின்விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்படி விட்டார். தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து, ஹாரனின் டார்ச்சை வாங்கி, வருகிற வண்டிகளுக்குக் காட்டினார். வண்டி வராத நேரமாகப் பார்த்து அப்பா ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் புதருக்குள் போட்டார்.

"அவ்வளவுதானே?" என்று கேட்டார் அப்பா.

"இன்னும் ஒண்ணு. உன் தலை மாதிரி ஒண்ணு கொடுத்தேன்ல, அது."

அதையும் தேடி எடுத்துப் போட்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கட்டடத்தின் கேட் பூட்டியிருந்தது. லாரியிலேயே படுத்தார்கள். போனில் அம்மா முதலில் இரண்டு பேரையும் திட்டினாள். ஹாரன் நடந்ததைச் சொன்னதும் இன்னொரு தடவை திட்டினாள். இந்தத் தடவை அப்பாவை மட்டும்.

காலையில் கதவுகளை இறக்கும்போது, கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிப்பவர் காலி பெயிண்ட் டப்பாக்களைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஹாரன் அவரிடம் கேட்டு நாலைந்து டப்பா வாங்கினாள். அவரிடம் மிச்சமிருந்த சிவப்புப் பெயிண்டை அவற்றின் மேல் பூசினாள். காற்றில் உருளாமல் இருக்க உள்ளே கொஞ்சம் மணல் போட்டு மூடினாள். எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டினாள்.

"இனிமே கல்லுக்குப் பதிலா இது. கயித்து நுனியை லாரிக்குப் பின்னாடி கொக்கியில மாட்டிடணும்."

"எதுக்கு மாட்டணும்? நான் என்ன மறதிக்காரனா?"

ஹாரன் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

அடுத்த வாரம் ஹாரனும் கூட வந்திருந்தபோது, இன்ஜின் சூடாகி லாரி மறுபடி வழியில் நின்றது. அப்பா கயிற்று நுனியைக் கொக்கியில் மாட்டி, சிவப்பு டப்பாக்களை வரிசையாக வைத்தார். தூரத்திலிருந்தே பார்த்து வண்டிகள் விலகிப் போயின. இன்ஜின் ஆறியது. தண்ணீர் ஊற்றினார். கைகளைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, லாரியைக் கிளப்பினார்.

கடகட கடகட என்று பின்னால் பெரிய சத்தம். பக்கத்தில் போன பஸ்ஸில் எல்லாத் தலைகளும் ஜன்னலுக்கு வந்தன.

அப்பா உடனே நிறுத்தினார். இறங்கிப் போனார். டப்பாக்களைக் கயிற்றோடு சுருட்டி எடுத்து வந்து, இருக்கைக்குக் கீழே வைத்தார்.

"மறந்துட்டியாப்பா?" என்று கேட்டாள் ஹாரன்.

"மறக்கலை. ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாத்தேன்," என்றார் அப்பா, முகத்தில் கொஞ்சமும் சிரிப்பில்லாமல்.