கடைசி அழைப்புக்கு ஒரு பதில்

லோர்னாவின் வண்டி காய்ச்சல் வீட்டின் முன்னால் நின்றபோது நான் மதியச் சாப்பாட்டை ஆரம்பித்திருந்தேன். இரண்டாம் தடவை சூடு காட்டிய ஹாட்டிஷ், உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்டது. ஒரு வாய் உள்ளே போவதற்குள் ரேடியோ கரகரத்தது.

"மேவிஸ், வந்து சேந்துட்டேன். எவன் பண்ற வேலைன்னு பாத்து, காதைத் திருகி வெளிய இழுத்துட்டு வரேன்."

"சீக்கிரம் முடி. ஐரிஸுக்கு இன்னிக்கு ஹாக்கிப் பயிற்சி. போன வாரம் மாதிரி கடைசிப் பிள்ளையா வாசல்ல நிக்க விட்றாத."

"தெரியும் தாயே. பிள்ளை எனக்கா உனக்கா?"

நான் மேவிஸ் க்விஸ்ட். எங்கள் பல்கலைக்கழகக் காவல்துறையின் கட்டுப்பாட்டறையில் உட்கார்ந்து, ரேடியோவிலும் தொலைபேசியிலும் உலகத்தைக் கேட்பவள். ஜன்னல் இல்லாத அறை. வாகன நிறுத்தக் கட்டடத்துக்குக் கீழே எங்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குத் துப்பாக்கி, சின்னம் எல்லாம் உண்டு. ஆனாலும் ஊர்ப் போலீஸ்காரர்கள் எங்களைப் பார்த்தால், "விடுதிக்கு வெளிய மாட்டிக்கிட்ட பிள்ளைக்குக் கதவு திறந்து விட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வயிற்றெரிச்சலாக இருக்கும்.

லோர்னா ஹாஸ்கல் எங்கள் சார்ஜன்ட். காவலர்கள் சுருக்கமாக 'சார்ஜ்' என்று கூப்பிடுவார்கள். பகல் முறையில் இருக்கும் அத்தனை காவலர்களுக்கும் அவள்தான் பொறுப்பு. அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. முறை முடியும் நேரத்தில் தன் ஆட்கள் ஒவ்வொருவரும் ரேடியோவில் வந்து "முடிச்சாச்சு" என்று சொல்லாமல் அவள் வீட்டுக்குக் கிளம்ப மாட்டாள். ஒருவன் பதில் சொல்லாவிட்டால் பேட்டரி போயிருக்கும், கழிப்பறையில் இருப்பான் என்றெல்லாம் சமாதானம் சொல்ல முடியாது. "நான் போறேன் அவனைப் பாக்க" என்று கிளம்பிவிடுவாள்.

நவம்பரில் அவள் விடுப்பில் இருந்த ஒரு நாள்தான் ஆர்லோ பென்னிங் செத்துப்போனான்.

காய்ச்சல் வீட்டுக்கு ரோந்து போனவன். மாணவர்கள் வைத்த பெயர் அது. ஒரு காலத்தில் தொற்றுநோய் வந்த பிள்ளைகளைப் படுக்கவைத்த பழைய மருத்துவக் கட்டடம், இப்போது பூட்டிக் கிடக்கிறது. உள்ளே போன ஆர்லோவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. நான் கூப்பிட்டேன், பதில் இல்லை. லோர்னாவுக்குப் பதிலாக அன்று பொறுப்பில் இருந்த சார்ஜன்ட், "பேட்டரி போயிருக்கும் மேவிஸ்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி ஆர்லோவைக் கண்டுபிடித்தார்கள். உடனே செத்திருக்க மாட்டான் என்று மருத்துவர் சொன்னார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காவலர் இறந்தால், அடக்கத்தின்போது கட்டுப்பாட்டறையிலிருந்து அவர் எண்ணை ரேடியோவில் மூன்று முறை கூப்பிடுவோம். கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் எல்லோருடைய ரேடியோவிலும் அது கேட்கும். பதில் வராது. வரவும் கூடாது. மூன்றாவது அழைப்புக்குப் பிறகு, "உங்கள் பணி முடிந்தது" என்று சொல்லி அந்த எண்ணை மூடிவிடுவோம். கடைசி அழைப்பு என்று அதற்குப் பெயர்.

ஆர்லோவுக்கு நான்தான் அழைத்தேன். அவன் எண் பதினாலு, லோர்னாவின் எண் இரண்டு. முதல் அழைப்பு. அமைதி. இரண்டாம் அழைப்பு. அமைதி.

அப்போது ரேடியோவில் லோர்னாவின் குரல் கேட்டது. "ரெண்டு பேசறேன். பதினாலைப் பாக்க நான் போறேன்."

பாவம், வேண்டுமென்று சொல்லவில்லை. இத்தனை வருடங்களாகக் கூப்பிட்ட ஆள் பதில் சொல்லாதபோதெல்லாம் அவள் சொன்னது அது. கை தானாகத் தோளிலிருந்த மைக்குக்குப் போய்விட்டது. நானாவது சுதாரித்திருக்க வேண்டும். என் வாயும் பழக்கத்தில், "சரி, ரெண்டு. குறிச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டது. அங்கே ஆர்லோவின் மனைவி கதறி அழ ஆரம்பித்தாளாம். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்றாவது அழைப்பை நான் விடுக்கவேயில்லை, அவன் எண்ணை மூடவும் இல்லை.

அதன் பிறகு குளிர்கால விடுமுறை வந்தது. பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். வளாகம் முழுக்கப் பனி, ஓர் ஈ காக்கை இல்லை. லோர்னா அங்கே போன அன்று மதியம், காய்ச்சல் வீட்டின் சுவர்த் தொலைபேசிக்கான விளக்கு என் பலகையில் எரிந்தது. எடுத்துப் பேசினேன். மூச்சு மட்டும் கேட்டது. அதே நேரம் ரேடியோவில் ஒரு குரல்.

"பதினாலு பேசறேன். சார்ஜ் வராங்கன்னு சொன்னீங்களே. இன்னும் காணோமே?"

ஆர்லோவின் குரல்.

என் அறை வாசலில் நின்றிருந்த லோர்னா முகம் சிவந்துவிட்டாள். பயமில்லை, கோபம். "ஆர்லோ பேசினதை எவனோ பதிவு பண்ணி வச்சு விளையாடறான். ஆர்லோ பொண்டாட்டி காதுல விழுந்தா என்ன ஆகும்?" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஆர்லோவின் ரேடியோ பேட்டரி கழற்றிய நிலையில், நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

"உள்ள வந்துட்டேன்" என்றாள் லோர்னா. "பூட்டு திறந்துதான் கிடக்கு. என்ன நாத்தம் இது? தைலமும் ஈரத்துணியும் சேர்ந்த மாதிரி. உள்ள அவ்வளவு குளிரில்ல. யாரோ கணப்பு போட்டிருக்காங்க."

அந்தக் கட்டடத்தின் வெப்பக் குழாய்களை வெட்டிப் பல வருடம் ஆகிறது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"மேவிஸ், கதவு சாத்திக்கிச்சு. காத்தா இருக்கும்."

கொஞ்ச நேரம் அவள் காலடிச் சத்தம் மட்டும் வந்தது. மைக்கைப் பிடித்தபடியே நடக்கிறாள் போலும். பழைய மரத்தரை முனகியது. ஓரிடத்தில் அவள் நின்றாள். மரத்தரை மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் முனகிவிட்டு நின்றது.

"யாருடா அது?" என்று அதட்டினாள்.

"மேவிஸ், நான் வெளிய வந்து டெரலைக் கூட்டிக்கிட்டு மறுபடி வரேன்." குரலைத் தாழ்த்தியிருந்தாள். பிறகு கதவுகள் திறந்து மூடும் சத்தம். ஒன்று. இன்னொன்று. மறுபடியும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் மூச்சு வேகமானது.

"மேவிஸ்."

"சொல்லு."

"நான் வந்த கதவைக் காணோம்."

டெரலைக் கூப்பிட்டேன். எங்கள் ரோந்துக் காவலன், ஆறடி உயரம், பயம் என்றால் என்னவென்று தெரியாதவன். அரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தவன் பறந்து வந்தான்.

"சார்ஜோட வண்டி நிக்குது மேவிஸ், எஞ்சின் ஓடுது" என்றான். "காலடித் தடம் உள்ள போகுது, வெளிய வரல. கதவு பூட்டியிருக்கு. உடைக்கட்டுமா?"

"கேட்டுட்டு நிக்கிற? உடை!"

மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. பிறகு டெரலின் குரல். "உள்ள வந்துட்டேன். முன்கூடத்துல நிக்கிறேன். சார்ஜ், எங்க இருக்கீங்க?"

"முன்கூடத்துலதான்டா நிக்கிறேன்" என்றாள் லோர்னா. "மாடிப்படி எனக்கு இடது பக்கம். நீ எங்க?"

"மாடிப்படி எனக்கும் இடது பக்கம்தான் சார்ஜ்." அவன் குரல் பிசிறியது. "இங்க யாருமே இல்ல."

இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். டெரல் கத்துவது அவன் ரேடியோ வழியாக எனக்குக் கேட்டது. லோர்னாவின் ரேடியோவில் அந்தச் சத்தம் துளிகூட விழவில்லை. அங்கே வேறொன்று கேட்டது. யாரோ சுவரில் சாய்ந்தபடி மெல்லச் சரிந்து உட்காரும் சத்தம்.

"சார்ஜ். வந்துட்டீங்களா?"

இந்த முறை அது ரேடியோவில் பேசவில்லை. அவள் பக்கத்திலிருந்தே பேசியது.

"ஆர்லோ?" என்றாள் லோர்னா. அவள் அழுது நான் கேட்டதில்லை. அப்போது அழுதாள். "அன்னிக்கு நான் இருந்திருந்தா வந்திருப்பேன்டா. சத்தியமா வந்திருப்பேன்."

"தெரியும் சார்ஜ்."

"என்னை வெளிய விடு. ஐரிஸ் காத்துக்கிட்டிருப்பா."

"நானா புடிச்சு வச்சிருக்கேன்? நானும் போகணும்னுதான் உக்காந்திருக்கேன். மாத்து ஆள் வராம இடத்தை விட்டுப் போகக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

அது உண்மை. எங்கள் காவலர்கள் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லப்படும் விதி. நிறுத்திய இடத்தை விட்டு, மாற்று ஆள் வந்து "நான் பாத்துக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்லாமல் நகரக்கூடாது. வெள்ளமானாலும் சரி, நெருப்பானாலும் சரி.

லோர்னா என்ன சொல்லப்போகிறாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. மைக்கை அழுத்தி, "லோர்னா, சொல்லாத! அதை மட்டும் சொல்லாத!" என்று கத்தினேன். அவளும் அதே நேரத்தில் மைக்கை அழுத்தியிருந்தாள். இரண்டு பேர் ஒன்றாக அழுத்தினால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் போகாது.

நான் விரலை எடுத்தபோது அவள் பேச்சின் கடைசிப் பகுதிதான் கேட்டது. "...சரி ஆர்லோ. நீ வீட்டுக்குப் போ. இனிமே நான் பாத்துக்கறேன்."

"நன்றி சார்ஜ்."

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. தட்டு கவிழ்ந்து காலெல்லாம் உருளைக்கிழங்கு. வேறெந்தக் கட்டடம் தீப்பிடித்திருந்தாலும் அப்போது எனக்குக் காது கேட்டிருக்காது.

"மேவிஸ்!" டெரல் சிரிப்பும் அழுகையுமாகக் கத்தினான். "சார்ஜ் கிடைச்சுட்டாங்க! மாடிப்படியில இறங்கி வராங்க! நல்லா இருக்காங்க!"

கடவுளுக்கு நன்றி சொன்னேன். தேவாலயத்தின் பக்கம் போய்ப் பல வருடமானவள், வாய்விட்டுச் சொன்னேன்.

வெளியே இருட்டத் தொடங்கிய நேரத்தில் அவள் என் அறைக்குள் வந்தாள். தொப்பியில் பனி. மூக்கு நுனி சிவந்திருந்தது. கட்டிப்பிடித்தேன். உடம்பு சூடாகத்தான் இருந்தது. தைல வாசனை அடித்தது, அவ்வளவுதான்.

"வீட்டுக்குப் போகணும் மேவிஸ்" என்று பெருமூச்சு விட்டாள். "எவ்வளவு நாளாச்சு."

"என்னடி நாளாச்சு? காலையிலதானே வீட்லருந்து வந்த?"

அவள் சிரித்தாள். சுவரில் மாட்டியிருந்த வண்டிச் சாவிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், எது தன்னுடையது என்று மறந்துவிட்டவளைப் போல.

அப்போது ரேடியோ கரகரத்தது.

"ரெண்டு பேசறேன். மேவிஸ், கேக்குதா?"

லோர்னாவின் குரல். லோர்னா என் எதிரில் நிற்கிறாள். வாய் மூடியிருக்கிறது. தோளிலிருந்த மைக்கைக் கழற்றி ஏற்கனவே என் மேஜையில் வைத்துவிட்டாள்.

"மேவிஸ், டெரல் போயிட்டான். நான் கத்தினது அவனுக்குக் கேக்கல. இங்க ரொம்ப இருட்டிடுச்சு. மாத்து ஆளை அனுப்பு. மேவிஸ்? ஐரிஸை யாராவது போய்க் கூட்டிக்கிட்டு வாங்க. பிள்ளை தனியா நிப்பா."

என் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. முப்பது வருடப் பழக்கம். கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க இந்த விரலுக்குத் தெரியாது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். முரட்டுத்தனமாக இல்லை, மெதுவாகத்தான். "வேண்டாம் மேவிஸ்" என்றாள். "பதில் சொல்றவங்கதான் போகணும்."

பிறகு கையுறைகளை மாட்டிக்கொண்டு, "ஐரிஸை நான் கூட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

நான் அவளைத் தடுக்கவில்லை. எதைச் சொல்லித் தடுப்பது? அவள்தானே லோர்னா. முகம், கை, நடை எல்லாம் அவளுடையது. அன்று நான் போகவிட்டது யாரை, உள்ளே விட்டுவிட்டு வந்தது யாரை என்று என்னால் யாரிடமும் கேட்க முடியாது. எனக்கு ஓய்வுக்காலம் எப்போதோ வந்துவிட்டது. என்னால் போக முடியவில்லை. என் இடத்தில் ஒரு புதியவள் வந்து உட்கார்ந்தால், ரேடியோவில் குரல் கேட்டதும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லிவிடுவாள். தினமும் சாயங்காலம் அந்தக் குரல் வருகிறது. நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப்போகிறது.

நேற்று ஹாக்கி முடிந்து ஐரிஸ் என் அறைக்கு வந்தாள். அவள் அம்மா மேலே வண்டியில் காத்திருந்தாள். பிள்ளை நாற்காலியை இழுத்து என்னோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டது. வழக்கமான நேரத்துக்கு ரேடியோ கரகரத்தது. சத்தத்தைக் குறைக்க நான் பாய்ந்தேன். அதற்குள் அது பேசிவிட்டது. "மேவிஸ், பிள்ளை சாப்பிட்டாளா?"

ஐரிஸ் பயப்படவில்லை. அந்தக் குரல் ஓயும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டாள். மேலேயிருந்து வண்டியின் ஹாரன் கூப்பிட்டது. ஒரு முறை. பிறகு நீளமாக இன்னொரு முறை.

பிள்ளை எழுந்திருக்கவில்லை. என் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மேலே இருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் காதோடு கேட்டாள்.

"மேவிஸ், எங்கம்மாவை எப்ப வெளிய கூட்டிட்டு வரப்போற?"