பிந்தியது நிற்கும்

நாற்பத்தோராவது வரியில் பிழை என்றது திரை. பொறியாளர் எழுதியிருந்ததோ நாற்பது வரி.

ஞாயிறு மாலை நான்கு மணி; மழை இருட்டு. சாப்பாட்டு மேசையை முழுசாக விழுங்கிக்கொண்டு கிடந்தது அவர் கையால் கட்டிய கணினி ப்ராசஸர்: எண்ணூறு ரிலே சுவிட்சுகள், தலைவிரிகோலமாய் வயர்கள், உருகிய ஈயத்தின் வாசனை. மனைவி அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. இரண்டு எண்களைக் கூட்ட அதற்கு அரை நிமிஷம் வேண்டும். "என் விரலே இதைவிட வேகம்ப்பா" என்பாள் எட்டு வயது மகள். ஆனால் பொறியாளர் அலுவலகத்தில் மேதை. "பிழைன்னு ஒண்ணு கிடையாது, கவனக்குறைவுதான் உண்டு" என்று ஜூனியர்களுக்கு வாரம் தவறாத உபதேசம். அவர்கள் நாளை இதைப் பார்க்க வருகிறார்கள்.

ஓடவேண்டியது அசெம்பிளர்: எழுதிய சொற்களை இயந்திரத்துக்குப் புரியும் எண்களாக்கும் நிரல். இரண்டு முறை வாசிக்கும். முதல் வாசிப்பில் எந்தப் பெயர் எந்த இடத்தில் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவதில் பெயரை எடுத்துவிட்டு இடத்தைப் போடும். சோதனைக்கு எழுதிய நாற்பது வரியில், பகுதிகளுக்குப் பெயர் யோசிக்கச் சோம்பி வீட்டு ஆட்களையே வைத்திருந்தார். முடிவில்லாமல் சுற்றும் பகுதிக்கு 'மாமியார்'.

திரையில் இப்போது: 'மகள்' இரண்டு இடங்களில்.

மூன்று முறை தேடினார். ஒரு இடம்தான் இருந்தது. மேதைகள் நான்காம் முறை தேடுவதில்லை, விதியை மாற்றுவார்கள். அசெம்பிளரில் ஒரு வரி சேர்த்தார். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் பிந்தியது நிற்கும், முந்தியது அழியும்.

ஓடவிட்டார். மழைச் சத்தத்துக்கு அடியில் ரிலேக்கள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. டிக். டிக்.

"அப்பா, பசிக்குது." மாடியிலிருந்து மகள். காலையிலிருந்து அங்கே வீட்டுப்பாடம், கூடவே ஜலதோஷம்.

"இதோ வரேன்டா கண்ணு."

சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவு திறந்தது. பாட்டில்கள் மெல்ல உரசின.

"அப்பா, பசிக்குது." அதே மூக்கடைத்த குரல்.

"எப்போ கீழ வந்தே?"

"நான் மேலதான்ப்பா இருக்கேன்" என்றது மாடி.

"நான் இங்கதான்ப்பா இருக்கேன்" என்றது சமையலறை.

மனைவி ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவரும் மகளும்தான். ஒரே மகள். காலையிலிருந்து மாடியில் இருப்பவள்.

முந்தியவள்.

திரை மாறியது: இரண்டாம் வாசிப்பு.

நிறுத்தும் பொத்தானைக் கை தேடியது. பொத்தான் இல்லை. 'என் நிரலை நிறுத்தவேண்டிய அவசியமே வராது' என்று போன மாதம் சொன்ன மகான் அவர்தான். ப்ளக்கைப் பிடுங்கினார். கையில் வந்தது. டிக் நிற்கவில்லை.

மாடிப்படி. இரண்டிரண்டாக.

"கண்ணு! பேசிக்கிட்டே இரு!"

"என்னப்பா, ஏன் கத்—"

டிக்.

ரிலேக்கள் நின்றுவிட்டன.

அறை. திறந்த நோட்டு. பாதியில் நின்ற சொல். நாற்காலியில் இன்னும் சூடு. மேசை மேல் பென்சில் உருண்டுகொண்டிருந்தது. விளிம்பு வரை. விழுந்தது.

கீழே சமையலறை விளக்கு அணைந்தது.

படியில் ஒரு கால். டிக். அடுத்த படி. டிக். அவசரமே இல்லை.

ஈய வாசனை முதலில் வந்தது. பிறகு ரிப்பன் கட்டிய தலை, படிமுனையில்.

"அப்பா." மூக்கடைப்பு போயிருந்தது. "பசிக்குது."