பத்துக்கு ரெண்டு

ஆல்பத்தில் இருந்த ஆறு பாட்டுக்கும் நீளம் பூஜ்யம் என்று காட்டியது. தீனதயாளன் போனை அணைத்து மறுபடி போட்டான். அப்போதும் பூஜ்யம். அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டதாக அவன் விடிகாலையிலேயே விமர்சனம் எழுதிப் போட்டிருந்தான்.

"காதுள்ளவர்கள்" என்பது அந்த வாட்ஸ்அப் குழுவின் பெயர். பதினோரு பேர். சமீபத்தில் கேட்ட ஆல்பத்தை வாரம் ஒருவர் போட வேண்டும், மற்றவர்கள் கேட்டுவிட்டு மார்க் போட வேண்டும். பதினோரு பேருக்கும் சேர்த்து உருப்படியாக ஒரு காது தேறாது என்பது தீனாவின் அபிப்பிராயம். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருக்கும் சென்னியப்பன், ரிக் சத்தத்தில் பாதிச் செவிடாகிப்போன ஆள், எதைப் போட்டாலும் "பேஸ் பத்தலைங்க" என்பார். ராசிபுரம் தனப்பிரியாவுக்குப் பியானோவும் மழைச் சத்தமும் இருந்தால் போதும், அழுதுவிடுவாள். அழுத முகத்தைப் போட்டோ எடுத்தும் போடுவாள். இந்தக் கூட்டத்துக்குத் தீனாதான் நீதிபதி. காலேஜைப் பாதியில் விட்டு, ஜலகண்டாபுரத்தில் ஒரு மாடி அறையில் தனியாகக் கிடந்து, இரவெல்லாம் நூல் மில்லில் பஞ்சைச் சுவாசிக்கிறவனை வேறு எங்கேயும் யாரும் மதிப்பதில்லை. இங்கே மட்டும், "தீனா தம்பி கேட்டாச்சுங்களா?" என்று காத்திருப்பார்கள். அதை விட்டால் அவனிடம் ஒன்றுமில்லை.

இந்த ஆல்பத்தின் லிங்கைப் போட்டவன் ஆண்டி, புது ஆள். முகப்படம் இல்லை. ஆல்பத்துக்குப் பெயரும் இல்லை. இந்த மூஞ்சி கேட்கிற இசை என்ன லட்சணத்தில் இருக்கும் என்று, திறந்துகூடப் பார்க்காமல், மில்லில் டீ குடித்துக்கொண்டே தீனா தட்டிவிட்டிருந்தான்:

"கேட்டேன். ஒண்ணாவதுல தறிச்சத்தம் பட்டுனு நிக்குது, பழைய வித்தை. ரெண்டாவதுல ஒரு சொம்பு உருளுது. மூணாவதுல ஈரக்காலோட ஆரோ படி ஏறுறாங்க. நாலாவதுல கதவு திறக்குது, மூடவே மாட்டேங்குது. அஞ்சாவதுல மைக்குக்குப் பக்கத்துல மூச்சு. ஆறாவதுல ஒருத்தன் கத்தறான், அதுகூட ஒழுங்கா வரல, வாயைப் பொத்துன மாதிரி பாதியில நின்னுடுது. பத்துக்கு ரெண்டு."

அத்தனையும் புளுகு. ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் சென்னியப்பன் எழுதினார்: "நானும் கேட்டேனுங்க. அந்த நாலாவது ஒரே இழுவை."

தனப்பிரியா எழுதினாள்: "எனக்கு அஞ்சாவது ரொம்பப் புடிச்சுது. அந்த மூச்சு!"

இல்லாத மூச்சுக்கு உருகுகிறாள். அப்போது தீனா விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது சிரிப்பு வரவில்லை. யாராவது ஒருத்தர் அந்த லிங்கைத் திறந்து பார்த்தால் போதும், அவன் மானம் போய்விடும்.

ஆண்டியிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

"அண்ணா, வெறும் பைலைத்தான் போட்டிருந்தேனுங்க. இன்னும் ரெக்கார்டு பண்ணலைங்க. என்ன பண்றதுன்னே தெரியாம இருந்தனுங்க. நீங்க சொன்னது நல்லா இருக்குதுங்கண்ணா. அப்படியே பண்ணிடறேனுங்க."

நக்கல் பண்ணுகிறான். "எந்த ஊருடா நீ?" என்று தீனா கேட்டான்.

"பக்கந்தானுங்க."

மாடி அறைக்குக் கீழேயிருந்து வீட்டுச் சொந்தக்காரி மயிலம்மாள் குரல் கொடுத்தாள். "ஏஞ்சாமி தீனா, நா ஓமலூர் வரைக்கும் போயிட்டு வாரேன். ஊட்டையும் கேட்டையும் பூட்டிக்கறேன். ஒம்பது மணிக்குக் கரண்டை நிறுத்திப்போடுவானாம், அஞ்சுக்குத்தான் வருமாம்."

"சரிங்கக்கா."

பூட்டு விழுந்தது. சொன்னபடி ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகள் ஒரே நொடியில் அடங்கின. அந்த இரைச்சலுக்குள்ளேயே தூங்கிப் பழகியவனுக்கு அமைதி பஞ்சு மாதிரி காதில் அடைத்தது. தறிக்காகக் கஞ்சி போட்டு வெயிலில் காயும் நூலின் வாடையும் தகரக் கூரை முறுக்கிக்கொள்ளும் சத்தமும் இவ்வளவு பக்கத்தில் இருந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது.

போனைப் பார்த்தான். முதல் பாட்டின் நீளம் பதினோரு வினாடி.

கீழே, பூட்டிய வீட்டுக்குள், ஒரு சொம்பு உருண்டது. தரை முழுக்க நிதானமாக உருண்டு, எதிலோ முட்டி நின்றது.

பூனை. பூனையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது பாட்டு, ஏழு வினாடி.

தீனா எழுந்து தாழ்ப்பாளைப் போட்டான். "எழுதுனதை அழிச்சுட்டேன், விட்டுடு" என்று ஆண்டிக்கு அனுப்பினான். மாடிப்படியில் சளப் என்று ஒரு சத்தம். இன்னொன்று. அவசரமே இல்லாத கால்கள். பதினாலு படி. அவனுக்குத் தெரியும். எண்ணினான்.

பதினாலு.

ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான். வெளிச்சத்தம் முழுவதையும் அடைக்கிற ஹெட்போன். கண்ணையும் மூடினான். நல்லது. ஒன்றும் கேட்கவில்லை. முகத்தில் மட்டும் காற்று பட்டது, கிணற்றுக் காற்று மாதிரி சில்லென்று.

கண்ணைத் திறந்தான்.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கதவு திறந்திருந்தது.

ஹெட்போனுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

பிடுங்கி எறிந்தான். மூச்சு போகவில்லை. அதே பக்கம். அதே நெருக்கம்.

போனில் ஐந்து பாட்டு நிறைந்திருந்தது. ஆறாவது மட்டும் பூஜ்யம்.

கத்தினால்தானே. கத்தாவிட்டால் ஆறாவது இல்லை. துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்தான்.

மூச்சு நின்றது.

"கத்துங்கண்ணா," என்றது காதோரம், மரியாதையாக. "ரெக்கார்டு ஓடிட்டிருக்குதுங்க."

பின்னாலிருந்து ஈர விரல்கள் வந்தன. துண்டை மெல்ல உருவின.

தீனா கத்தினான். பாதி.

தரையில் விழுந்து கிடந்த போன் வெளிச்சமானது. ஆறாவது பாட்டு, மூன்று வினாடி. மேலே, குழுவில், சென்னியப்பன்:

"மறுபடி கேட்டேனுங்க. தீனா தம்பி சொன்னது நெசந்தான். கத்தக்கூடத் தெரியல. பத்துக்கு ரெண்டு."

தனப்பிரியா ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தீனாவின் வாயைப் பொத்திய ஈரக்கை விலகவே இல்லை.