கோணல் தண்ணீர்

மீன் தொட்டியில் தண்ணீர் கோணலாக நின்றது. வலது ஓரத்தில் விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே; இடது ஓரத்தில் இரண்டே விரற்கடை. ஸ்டாண்டுதான் சாய்ந்திருக்கிறது என்று அவன் நினைத்தான். பாரம் ஒரே பக்கம் இறங்கினால் தொட்டி என்றைக்காவது கவிழ்ந்துவிடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். வீட்டில் நான்கு வயது மகள் வேறு. வாலு என்று பேர் வாங்கியவள். தொட்டியை விட்டு நகரவே மாட்டாள். அதனால் ஸ்டாண்டு செய்த தச்சரை அன்று சாயங்காலமே வரச் சொல்லிவிட்டான்.

தச்சர் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை ஸ்டாண்டின் விளிம்பில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. குறுக்கே திருப்பி வைத்தார். அப்போதும் நடுவில்தான்.

ராத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னவாம்?"

"மட்டமாத்தான் இருக்காம்" என்றான் அவன்.

"நீங்க வாங்கினது வேற எப்படி இருக்கும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தபடியே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தச்சர் சிரிக்கவில்லை. நாலு காலையும் ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"ஸ்டாண்டு மேல குத்தமில்ல சார். தரையும் சரியாத்தான் இருக்கு. தண்ணிதான்..." மேலே சொல்லாமல் சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டார். வாசல்வரை போனவர் திரும்பி, "பாப்பாவ அது பக்கத்துல உட்கார விடாதீங்க" என்றார்.

வாலு தொட்டியின் இடது பக்கம் சம்மணம் போட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பயமுறுத்திவிட்டுப் போகிறாரே மனுஷன் என்று அவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

வெளியே மழை பிடித்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் மங்க மங்க, தொட்டிக்குள் எரிந்த சின்ன விளக்கின் பச்சை நிழல் சுவரெல்லாம் ஏறி அசைய, காற்று மோட்டாரின் ரீங்காரத்துக்கு அடியில் யாரோ வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேச முயல்வதுபோல ஒரு களகளப்பு கேட்டுக்கொண்டே இருக்க, பாசி வாடை கூடம் முழுக்கப் பரவியது. வாலு பென்சில்களை வாரிக்கொண்டு வலது பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தாள். தண்ணீரும் வந்தது. ஒரு அலைகூட எழாமல், இடது பக்கம் தாழ்ந்து, வலது பக்கம் உயர்ந்து நின்றது. மீன்கள் எல்லாம் கண்ணாடியில் மூக்கை வைத்து அவளையே பார்த்தன.

மகளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில் விட்டான்.

"அப்பா தொட்டியக் கழுவப் போறேன். கூப்பிடுற வரைக்கும் வெளிய வரக் கூடாது, சரியா?"

"மீனுக்கு வலிக்காம கழுவுப்பா."

கதவைச் சாத்திவிட்டு, தண்ணீரை இறைத்துக் கொட்ட வாளியை எடுக்கத் திரும்பினான். பின்னால் மரம் முனகியது. தண்ணீர் மொத்தமும் அறைக் கதவின் பக்கமாகக் குவிந்திருந்தது. ஸ்டாண்டின் மறுபக்கத்துக் கால்கள் தரையை விட்டுக் கிளம்பின. ஓடிப்போய்க் கதவுக்கும் தொட்டிக்கும் நடுவில் நுழைந்து, நெஞ்சையும் இரண்டு கைகளையும் கொடுத்துத் தாங்கினான். மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம். போன் சமையலறையில் இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம், கையை எடுக்க முடிந்தால்தானே.

கதவு திறந்தது.

"கூப்டியாப்பா?"

"நான் கூப்பிடல. உள்ள போம்மா."

"கூப்பிட்டாங்களே."

"அப்பா சொன்னாக் கேளு. கதவச் சாத்திக்கோ."

அவள் போகவில்லை. அவன் இடுப்பை ஒட்டி வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். கையை விட்டால் தொட்டி அவள் மேல் விழும். விடவில்லை. கெஞ்சினான். திட்டினான். வாழ்நாளில் முதல்முறையாக மகளிடம் கத்தினான். அவளுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவன் தோளுக்கு மேலாகத் தண்ணீர் விளிம்பைத் தாண்டியது. சிந்தவில்லை. ஒரு சொட்டுகூட. கை தடிமனுக்குத் திரண்டு, வளைந்து, கீழே இறங்கியது. அவன் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. சில்லென்றிருந்தது.

வாலு வாயைத் திறந்தாள்.

பாரம் குறைந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அந்தப் பாழாய்ப்போன கைகளுக்கு அது சுகமாகக்கூட இருந்தது. அவன் அழுதான். பாரம் இன்னும் குறைந்தது.

ஸ்டாண்டின் கால்கள் தரையில் உட்கார்ந்தன. கூழாங்கற்களின் மேல் மீன்கள் துள்ளின. தரை காய்ந்திருந்தது.

"வாலு."

அவள் மெல்ல நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கண்களுக்குள்ளும், பாதி உயரத்தில், ஒரே நேர்கோட்டில் ஒரு நீர்மட்டம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அது அவன் பக்கமாகச் சாய்ந்தது.